ரெமி அக்காவைப் பெண் கேட்கப் போனோம்

நான் ஓய்வு பெற்றபோது வேலையிடத்தில் கேக் வெட்டினார்கள். எங்கள் பகுதிக்கு இப்போது பொறுப்பாக இருப்பவள் ஷர்மிளா. இங்கே பிறந்த தமிழ்ப் பிள்ளை. கேக்கை வாயில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

"அங்கிள், பொம்பிளை ஒருத்தியின்ர கீழ வேலை செய்தது முதல் நான்தானோ? கஷ்டமா இருந்திச்சுதோ?"

"நீ ரண்டாவது. முதல் ஆளோட பாத்தால் நீ பூனைக்குட்டி" என்றேன்.

கதை சொல்லும்படி பிடித்துக்கொண்டாள். சொன்னேன். பிறகு அதையே தமிழ்ச் சங்கத்து மலருக்கு எழுதித் தரச் சொன்னாள். எனக்கு எழுத்து அவ்வளவு வராது. எட்டாம் வகுப்போடு நின்றவன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எண்பதுகளின் நடுவில் சுவிசுக்கு வந்தேன். எம்மன்புரூக்கே என்ற ஊரில் ஒரு அறையில் நாலைந்து பேர். அகதி வழக்கு ஒரு பக்கம் நடந்தது. மறுபக்கம் வேலை தேடினோம். ஒரு ஆசுப்பத்திரிச் சலவைக்கூடத்தில் எனக்கும் சின்னத்துரை அண்ணைக்கும் வேலை கிடைத்தது. அண்ணை காரைநகர் ஆள். ஐம்பது வயது. ஊரில் கடை வைத்திருந்தவர். சலவை வேலை என்று ஊருக்கு எழுத அவருக்கு மனமில்லை. "ஆசுப்பத்திரியில் வேலை" என்று மட்டும் எழுதினார். அங்கே அவரை டொக்டர் ஆக்கிவிட்டார்கள். மறுகடிதத்தில் முழங்கால் வலிக்கு மருந்து கேட்டு எழுதியிருந்தார்கள்.

எங்கள் ஷெஃபின், அதாவது மேற்பார்வையாளர், ஒரு பிலிப்பைன்ஸ் நாட்டுப் பெண். பெயர் ரெமெடியோஸ். முப்பத்தெட்டு வயது. சின்ன உருவம். தலைமயிரை இழுத்துக் கட்டியிருப்பார். கழுத்தில் சிலுவை. சிரிப்பு அருமை. அவருடைய தங்கை நீனாவும் அங்கேதான் வேலை. நீனா பகலில் எங்களோடு நிற்பாள். பின்னேரம் தாதிப் படிப்புக்குப் போவாள். தமக்கையை "ஆத்தே" என்று கூப்பிடுவாள். அவர்கள் மொழியில் அக்கா என்று பொருள். அதைப் பார்த்து எல்லோரும் ஆத்தே என்றார்கள். நாங்கள் ரெமி அக்கா என்றோம்.

நீனா காலையில் வந்ததும் தமக்கையின் கையை எடுத்துத் தன் நெற்றியில் வைப்பாள். அது அவர்கள் வழக்கம். எல்லோருக்கும் முன்னால் செய்வாள். சின்னத்துரை அண்ணைக்கு அதில் பெரிய சந்தோசம்.

"பார். ஏழு கடல் தாண்டியும் மரியாதை விடேல்லை. எங்கட பெட்டையள் செய்வினமோ?"

வேலையைச் சொல்ல வேண்டும். சலவைக்கூடத்துக்கு இரண்டு பக்கம். ஒன்று அழுக்குப் பக்கம். மற்றது சுத்தப் பக்கம். அழுக்குப் பக்கத்தில் நின்றவன் கை கழுவி மேலங்கி மாற்றாமல் சுத்தப் பக்கம் கால் வைக்கக்கூடாது. ரெமி அக்கா வாசலில் நின்று கையை மணந்து பார்ப்பார். சவர்க்கார மணம் வராவிட்டால் திருப்பி அனுப்புவார். அழுக்கு விரிப்புகளை உதறிப் பார்க்காமல் இயந்திரத்தில் போடக்கூடாது. நோயாளிகள் எல்லாவற்றையும் விரிப்போடு சுருட்டி அனுப்புவார்கள். கண்ணாடி வரும். மோதிரம் வரும். ஒருநாள் பல்செட் வந்தது. அண்ணை குப்பையில் போடப் போனார். ரெமி அக்கா பிடித்துவிட்டார். கழுவி, துணியில் சுற்றி, எந்த வார்ட் என்று கேட்டுக் கேட்டுத் தானே கொண்டுபோய்க் கொடுத்தார். வந்து அண்ணையைப் பார்த்துச் சொன்னது இவ்வளவுதான்:

"அந்தக் கிழவி காலமை தொடக்கம் ஒண்டும் தின்னேல்லை."

அண்ணை அன்று முழுக்க ஒவ்வொரு விரிப்பையும் இரண்டுதரம் உதறினார். அது பெரிய விசயம்.

எங்களுக்குள் பேச்சு உடைந்த டொச்சும், அதாவது ஜெர்மனும், உடைந்த ஆங்கிலமும். நான் எல்லாவற்றையும் எங்கள் தமிழில் எழுதுகிறேன். அப்போதுதான் எனக்கு அவர் குரல் கேட்கிறது.

சுத்தப் பக்கத்தில் மாங்கல் இருந்தது. பெரிய சூடான உருளைகள். ஈர விரிப்பை ஒரு பக்கம் விட்டால் மறுபக்கம் காய்ந்து மடிப்பில்லாமல் வரும். ஒரு விரிப்புக்கு இரண்டு பேர். ஆளுக்கொரு முனை பிடிக்க வேண்டும். ஒருதரம் உதற வேண்டும். ஓரத்தை நேராக வைத்து, பட்டி இழுக்கும் கணத்தில் கையை விட வேண்டும். முந்தி விட்டால் சுருங்கும். பிந்தி விட்டால் விரல் போகும். ரெமி அக்கா இயந்திரத்தைப் போடுமுன் சிலுவை அடையாளம் போடுவார். பிறகு வெளியே வந்த முதல் விரிப்பைப் புறங்கையால் தடவுவார். ஈரம் இருந்தால் முகம் சுருங்கும். யாராவது கெட்ட வார்த்தை பேசினால் அவன் மடித்ததெல்லாம் குலைத்துத் திருப்பி மடிக்க வேண்டும். போர்த்துக்கீசப் பெண்கள் அதனாலேயே சைகையில் திட்டப் பழகினார்கள்.

ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாள் தவக்காலத்தில் வெள்ளிக்கிழமைகளில் ஒன்பது மணிச் சாப்பாட்டில் இறைச்சி கூடாது. சைவக்காரருக்கும் அதே சட்டம். ஒரு வெள்ளி அண்ணை கொண்டுவந்த பாண் ரொட்டியைத் திறந்து பார்த்தார். உள்ளே கத்தரிக்காய்.

"நல்லது. நீ பாதிக் கிறிஸ்தவன்" என்றார்.

"நான் முழு முருகன்ர ஆள். வெள்ளியில நாங்களும் மச்சம் தின்னமாட்டம்" என்றார் அண்ணை.

ரெமி அக்கா பாணை மூடித் திருப்பிக் கொடுத்தார். "உங்கட முருகனுக்கு நல்ல அம்மா இருந்திருக்கிறா" என்றார்.

இவ்வளவு கண்டிப்பான ஆள் மாங்கலில் நிற்கும்போது ஒரு காரியம் செய்வார். கதை சொல்வார். மணிலாவிலிருந்து ஒரு ஒன்றுவிட்ட சகோதரி வாரப் புத்தகங்களைக் கட்டாக அனுப்புவாள். அவற்றில் தொடர்கதை வரும். அவர் முதல்நாள் படித்ததை மறுநாள் எங்களுக்குச் சொல்வார். சத்தத்தில் கத்திக் கத்திச் சொல்வார். ஒரு விரிப்புக்கு ஒரு வசனம்.

கதைகள் பல. ஆனால் எல்லாவற்றிலும் ஒரு அக்கா வருவார். பெயர் மாறும். அக்கா மாறமாட்டார். தாய் செத்திருப்பா. தகப்பன் குடிப்பார், அல்லது கடலில் போயிருப்பார். தம்பி தங்கைகள் நாலைந்து பேர். அக்கா நீளக்கை உடுப்போடு இருப்பார். ஆறு மணிக்கு மணி அடித்தால் எல்லோரையும் முழந்தாளில் இருத்திச் செபமாலை சொல்விப்பார். பிழை செய்தால் அடிப்பார். அடித்துவிட்டுத் தனியே அழுவார். ஒருவன் வந்து சன்னலுக்குக் கீழே கித்தார் வாசித்துப் பாடுவான். நல்லவன். அக்காவுக்கும் அவனில் விருப்பம். ஆனாலும் சிப்பி பதித்த சன்னலைச் சாத்திவிடுவார். கடைசியில் தம்பி டொக்டர் ஆவான். தங்கை கலியாணம் முடிப்பாள். அக்கா ஒரு கதையில் மடத்துக்குப் போவார். இன்னொன்றில் காசநோய். ஊரே அழும்.

எங்களுக்கு அந்தக் கதை நல்லாய்ப் பிடித்தது. அண்ணை கண்ணைத் துடைப்பார். "பொம்பிளை எண்டால் இதெல்லோ பொம்பிளை" என்பார். போர்த்துக்கீசப் பெண்கள் மட்டும் சிரிப்பார்கள். "அவன் நல்லாப் பாடுறான் எண்டால் சன்னலை ஏன் சாத்துறாள்?" நீனா விரிப்பைத் தேவைக்கு மேல் ஒருதரம் உதறுவாள்.

கதை கேட்க இன்னொருவர் வருவார். வால்ட்டர். கீழே கொதிகலன் அறையில் வேலை. எங்கள் மாங்கலுக்கு ஆவி அவரிடமிருந்துதான் வரும். நாற்பது தாண்டியவர். கலியாணமில்லை. என்ட்லெபூக் மலைப்பக்கத்தில் வயலும் மாடும் வைத்திருந்த கமக்காரனின் மகன். சுவரில் இருக்கும் மானியைப் பார்த்து ஆவியழுத்தம் சரியோ என்று சோதிக்க மேலே வருவார். அழுத்தம் எப்போதும் சரியாகத்தான் இருந்தது. அவர் ஒரு நாளில் பலதரம் சோதித்தார். அண்ணை ஒருநாள் என் காதில் சொன்னார்.

"அந்த மானியில முகமெல்லோ தெரியுது. ரெமியின்ர முகம்."

மாசி மாதம். வால்ட்டர் எங்களை வெளியே கூட்டிப்போனார். தூரத்து நொஷாட்டல் நகரில் ஒரு பெரிய கொதிகலன் வேலை கிடைத்திருக்கிறதாம். உத்தியோக உயர்வு. ஈஸ்டருக்கு முன் பதில் சொல்ல வேண்டும். ரெமி அக்கா ஓம் என்றால் போகமாட்டார். இல்லை என்றால் போய்விடுவார். அவரிடம் எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. ஒருதரம் கோப்பி குடிக்கக் கூப்பிட்டாராம். "எனக்கு ஒரு தங்கை இருக்கிறாள்" என்றாராம் ரெமி அக்கா. கோப்பிக்கும் தங்கைக்கும் என்ன தொடர்பு என்று வால்ட்டருக்கு விளங்கவில்லை.

எங்களுக்கு விளங்கியது.

"நீ அவவை எப்பிடிக் கூப்பிடுறனி?" என்று கேட்டார் அண்ணை.

"ஆத்தே ரெமி."

அண்ணை தலையில் கை வைத்தார். "அக்கா எண்டு கூப்பிட்டுப்போட்டு எப்பிடியடாப்பா பொம்பிளை கேக்கிறது? பாவமெல்லோ! முதல் அதை நிப்பாட்டு."

வால்ட்டர் நிறுத்தினார். மறுநாள் வந்து "வணக்கம், திருமதி" என்று டொச்சில் முறையாகச் சொன்னார். அவருக்கு ஏதோ கோபம் என்று ரெமி அக்கா நினைத்துவிட்டார். அன்று விரிப்பு மூன்று கோணலாக வந்தது. அவருடைய கையில் அப்படி வந்து நான் பார்த்ததில்லை. "பாத்தியோ, விருப்பம் இருக்கு" என்றார் அண்ணை.

பிறகு அண்ணை திட்டம் சொன்னார். இப்படிப்பட்ட அக்காமார் தாங்களாக ஓம் சொல்லமாட்டார்கள். வீட்டுக்குப் போய் முறையாகக் கேட்க வேண்டும். தட்டத்தோடு போக வேண்டும். மாப்பிள்ளை வரக்கூடாது. மாப்பிள்ளை பக்கத்துப் பெரியவர்தான் பேச வேண்டும்.

"மாப்பிள்ளை பக்கத்துப் பெரியவர் ஆர்?" என்றேன்.

"நான்தான். வேற ஆர்? நீ துணைக்கு வா. ஒண்டும் கதையாதை."

அது எனக்குக் கஷ்டமில்லை.

ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து அவர்கள் வீட்டுக்கு வரும் நேரம். மழையும் பனியும் கலந்து விழுந்தது. அண்ணை கோட் போட்டிருந்தார். நான் புதுச் சேட். தட்டத்துக்கு அறையிலிருந்த எவர்சில்வர் தட்டு. வாழைப்பழம், தோடம்பழம், கொடிமுந்திரிகைப்பழம். வெற்றிலை கிடைக்கவில்லை. அண்ணை சொக்கிலேற் வைத்தார். "சுவிஸ்காரனுக்கு இதுதானடா வெத்திலை" என்றார். வால்ட்டரையும் அவருடைய காரில்தான் கூட்டிப்போனோம். சூட் போட்டிருந்தார். கையில் பூ. கீழேயே நிற்கச் சொன்னோம். ஏன் என்று கேட்டார். "முறை" என்றார் அண்ணை.

ஊழியர் விடுதியில் மேல்மாடியில் அக்கா தங்கை இருவருக்கும் ஒரு அறை. ரெமி அக்கா கதவைத் திறந்தார். தட்டத்தைப் பார்த்தார். அண்ணையின் கோட்டைப் பார்த்தார். என் புதுச் சேட்டைப் பார்த்தார். முகம் இறுகியது. இருக்கச் சொன்னார். நீனா தேத்தண்ணி போட எழுந்தாள். அவளை உட்காரச் சொல்லிவிட்டுத் தானே போட்டார்.

அவர்கள் நாட்டிலும் பெண் கேட்க வருபவர்கள் சாப்பாட்டோடுதான் வருவார்களாம். இதை எங்களுக்குப் பிறகு சொன்னார்கள். ஆனால் அங்கே மாப்பிள்ளையும் கூட வருவானாம். வந்தவர்களில் அண்ணை கலியாணம் முடித்தவர் என்று ரெமி அக்காவுக்குத் தெரியும். மிச்சம் நான். அப்போது எனக்கு இருபத்தேழு வயது.

அவர் என் முன்னால் கதிரையைப் போட்டு அமர்ந்தார்.

"குமார், நீ குடிக்கிறனியோ?"

"இல்லை."

"சிகரட்?"

"சிலவேளை."

"விடுவியோ?"

"ஏன்?"

"நான் கேக்கிறன். விடுவியோ?"

"விடலாம்."

"பிள்ளையளுக்கு ஞானஸ்நானம் குடுக்கச் சம்மதமோ?"

நான் அண்ணையைப் பார்த்தேன். "ஆரின்ர பிள்ளையளுக்கு அண்ணை?" என்று தமிழில் கேட்டேன்.

அண்ணை வாயை அசைக்காமல் சொன்னார். "சோதிக்கிறாவடா. கூட வந்தவனே இப்பிடியெண்டால் மாப்பிள்ளை எப்பிடி எண்டு பாக்கிறா. ஓமெண்டு சொல்லித் துலை."

"ஓம்" என்றேன்.

ரெமி அக்கா பெருமூச்சு விட்டார். என் கையைத் தட்டினார்.

"நல்ல பெடியன் நீ. விரிப்பும் நேராய்ப் பிடிக்கிறனி. ஆனால் நீனா படிச்சு முடிக்கவேணும். அதுவரைக்கும் ஆருக்கும் குடுக்கமாட்டன். கவலைப்படாதை."

நீனா மேசையில் தலையை வைத்தாள். அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். சிரித்து முடித்து எழும்பி, சன்னல் திரையை இழுத்து விலக்கினாள்.

"ஆத்தே, கீழ பாருங்கோ. இவையள் என்னைக் கேட்டு வரேல்லை."

கீழே வால்ட்டர் நின்றார். காருக்குள் இருக்கலாம் என்று நாங்கள் சொல்ல மறந்துவிட்டோம். தலைமயிர் நெற்றியில் ஒட்டியிருந்தது. பூவின் தாளிலிருந்து தண்ணீர் வடிந்தது. மேலே பார்த்தார். கையை உயர்த்துவதா விடுவதா என்று தெரியாமல் பாதியில் வைத்திருந்தார்.

ரெமி அக்கா பார்த்தார். பிறகு திரையை மூடினார்.

"பாத்தியளோ, நீங்களும் சாத்துறீங்கள்" என்றாள் நீனா.

எங்களுக்கு விளங்க வேண்டும் என்றே டொச்சில் சொன்னாள். தமக்கை தங்கள் மொழியில் ஏதோ அதட்டினார். அவள் டொச்சை விடவில்லை.

"சாகேக்கை அம்மா உங்களை என்ர கையில தந்தவ" என்றார் ரெமி அக்கா, அவரும் டொச்சுக்கு மாறி.

"ஓம். தந்தவ. எங்கட அண்ணைமார் ரண்டு பேரும் கப்பலில வேலை. ரண்டு பேருக்கும் பிள்ளையள். எனக்கு இருபத்திமூண்டு. நாங்கள் எல்லாரும் வளந்திட்டம், ஆத்தே. நீங்கள் மட்டும் அந்தக் கதைக்குள்ள நிக்கிறீங்கள்."

"அந்தக் கதையில என்ன பிழை? அவ நல்ல பொம்பிளை."

"நல்ல பொம்பிளைதான். எல்லாருக்கும் விருப்பமான பொம்பிளை. இந்தத் தொடர்கதையை எழுதினது ஒரு ஆம்பிளை. அவரின்ர சேட்டைத் தோய்ச்சு மினுக்கிக் குடுத்தது ஆர்? அவரின்ர அக்காவாத்தான் இருக்கும். அவ எழும்பிப் போயிட்டால் ஆர் மினுக்கிறது? அதுதான் அவவை மடத்துக்கு அனுப்புறார்."

அண்ணை தோடம்பழத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு என் அக்காவின் நினைவு வந்தது. தாய் தகப்பன் போனபின் எங்களை வளர்த்தவர். வெள்ளி விரதம், செவ்வாய் விரதம். எங்களில் எவரும் அவரைக் கலியாணம் பற்றிக் கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றியதுமில்லை. அக்கா அக்காவாக இருந்தார்.

ரெமி அக்கா திரையை ஒரு விரலால் விலக்கிப் பார்த்தார். பிறகு சொன்னார்.

"அந்த விசரன் நனைஞ்சு போறான். மேல வரச்சொல்லு."

வால்ட்டர் வந்தார். நின்ற இடத்தில் குளம் கட்டியது. ரெமி அக்கா துவாய் கொடுத்தார். பூவை வாங்கி நீனாவிடம் கொடுத்தார். பிறகு எல்லோரையும் முழந்தாளில் இருக்கச் சொன்னார். செபமாலை. முழுவதும். வால்ட்டர் தொடக்கம் சரியாகச் சொன்னார். பிறகு உதட்டை மட்டும் அசைத்தார். அண்ணைக்கு முழங்கால் வலி. முருகா முருகா என்று முனகினார். அது பக்தி என்று ரெமி அக்கா எடுத்துக்கொண்டார்.

முடிந்ததும் கேள்வி தொடங்கியது.

"கோயிலுக்குப் போறனியோ?"

"கிறிஸ்மசுக்கு" என்றார் வால்ட்டர்.

"மற்ற நாளிலயும் யேசு இருக்கிறார்."

"போறன்."

"பியர்?"

"குறைக்கிறன்."

"நீனா படிச்சு முடிக்குமட்டும் எங்களோடதான் இருப்பாள்."

"ஓம்."

"எல்லாத்துக்கும் ஓம் எண்டால் நீ ஒண்டும் கேக்கமாட்டியோ?"

வால்ட்டர் முழந்தாளை விட்டு எழும்பவில்லை. அவருடைய மலைப்பக்கத்து டொச் எங்களுக்கு விளங்காது. ரெமி அக்காவுக்கும் பாதிதான் விளங்கும். ஆனாலும் அவர் கேட்டது எல்லோருக்கும் விளங்கியது.

ரெமி அக்கா துவாயை எடுத்து முகத்தை மூடினார். வால்ட்டர் துடைத்த அதே ஈரத் துவாய். உள்ளிருந்து சொன்னார்:

"கதையில அவன் கீழ நிண்டு பாடுவான். மேல வந்து கேக்கிறேல்லை."

கொஞ்ச நேரத்தில் துவாயை எடுத்தார். பழைய முகம் வந்துவிட்டது.

"இது தவக்காலம். தவக்காலத்தில கலியாணப் பேச்சு இல்லை. ஈஸ்டர் முடியட்டும்."

"ஈஸ்டருக்கு முதல் நான் நொஷாட்டலுக்குப் பதில் சொல்லவேணும்" என்றார் வால்ட்டர்.

"சொல்லு. வரேல்லை எண்டு சொல்லு" என்றார் ரெமி அக்கா.

அண்ணை உடனே தட்டத்தை நீட்டினார். அவர் ஒரு சொக்கிலேற் எடுத்தார். பிறகு தவக்காலம் என்று நினைவு வந்து திருப்பி வைத்தார்.

சித்திரை கடைசியில் கலியாணம். என்ட்லெபூக்கில் வால்ட்டரின் ஊர்க் கோயிலில் நடந்தது. அண்ணை வேட்டி கட்டினார். குளிரில் நடுங்கினார். கழற்றவில்லை. "மாப்பிள்ளை பக்கத்துப் பெரியவன்" என்று எல்லோரிடமும் தமிழில் சொன்னார். அங்கே ஒருவருக்கும் விளங்கவில்லை. எல்லோரும் கை கொடுத்தார்கள்.

ரெமி அக்கா பிறகும் மாறவில்லை. கை மணந்து பார்த்தார். குலைத்து மடிக்க வைத்தார். கதையும் சொன்னார். அந்த அக்கா சன்னலைச் சாத்தும் இடம் வந்தால் மட்டும் போர்த்துக்கீசப் பெண்களோடு சேர்ந்து தானும் "விசரி" என்பார். வால்ட்டர் ஆவியழுத்தம் சோதிப்பதைக் குறைத்துக்கொண்டார்.

நான் கலியாணத்துக்கு அடுத்த கிழமை தொலைபேசி எடுக்கத் தபால் கந்தோருக்குப் போனேன். என் அக்கா அப்போது கொழும்பில், வெள்ளவத்தையில், மாமா வீட்டில் இருந்தார். பக்கத்துக் கடையில் தொலைபேசி. கூப்பிட்டுவிட்டுக் காத்திருந்தேன். அக்கா ஓடிவந்து மூச்சு வாங்கினார். ஆருக்கு என்ன என்று பயந்துவிட்டார்.

"ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை அக்கா. உங்களுக்குக் கலியாணம் பேசட்டோ?"

"உனக்கென்ன விசரோ? இதைக் கேக்கவோ எடுத்தனி? கடையில ஆக்கள் நிக்கினம். என்ர வயசென்ன, நீ கேக்கிற கேள்வியென்ன? குளிருக்கை நிண்டு உனக்கு மூளை பிசகிப்போச்சு. ஒழுங்காச் சாப்பிடுறனியோ இல்லையோ?"

"சாப்பிடுறன். நான் கேட்டதுக்குச் சொல்லுங்கோ."

அந்தப் பக்கம் கடைக்காரர் யாருக்கோ சீனி நிறுத்து விலை சொல்வது கேட்டது.

"ஆர் ஆள்?" என்றார் அக்கா.

"இன்னும் ஒருத்தரும் இல்லை. முதல் உங்களைத்தான் கேக்கிறன்."

"ம்."

பிறகு குரலைத் தாழ்த்தினார். கடையில் நின்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னார்.

"கொஞ்சம் உயரமான ஆளாப் பார்."